தண்ணீர் வந்த வழி – 9: சாலையோடு நின்றுபோன குழாய்

ஈப்போ ஒருமுறை எரிந்து எழுந்த ஊர். 1892இல் பற்றிய தீயில் நகரத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. ஈயத்தை நம்பி வந்தவர்கள் பலகையும் அத்தாப்பும் வைத்து நெருக்கியடித்து எழுப்பியிருந்த ஊர் அது. தீக்குப் பிறகுதான் தெருக்கள் கோடு கிழித்தாற்போல் நேராயின. வெள்ளைக் காப்பி குடிக்கப் பழைய டவுனுக்கு வருகிறவர்கள் நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்த ஒழுங்கான தெருவமைப்பு, தீ காலி செய்து கொடுத்த இடத்தில் போட்டது. கோலாலம்பூரும் 1881இல் எரிந்தது. அங்கே 1883இல் 15 பேரைச் சேர்த்து ஒரு தொண்டூழியத் தீயணைப்புப் படை தொடங்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பேராக்கில் அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும் வித்தை பெரிய அளவில் நடந்தது தீயை அணைக்க அல்ல, ஈயம் எடுக்கத்தான். கோப்பெங் பக்கம் மலையோடைகளை மறித்து, மைல் கணக்கில் பெரிய இரும்புக் குழாய்களில் இறக்கி, கீழே மானிட்டர் என்ற முனையில் மாட்டினார்கள். பம்ப் தேவைப்படவில்லை. தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். 100 மீட்டர் இறங்கி வந்த தண்ணீர் மண்மேட்டை அறுத்துத் தள்ளியது. ஈயக் கம்பெனிகளுக்குக் குழாய் பருமன் என்றால் வரவு. ரப்பர் தோட்டத்தில் லயத்துக்குக் குழாய் போட்டவர்களுக்கு அதே பருமன் செலவு. இந்த வாரக் கதை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதலில், தீயணைப்புப் படையான பொம்பா தண்ணீர் எடுக்கச் சாலையோரம் நிற்கும் பொம்பா பைப்பைப் பார்ப்போம். தினமும் கடந்து போகிறோம். எத்தனை வாய் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தூண் மாதிரி நிற்கும் வகைக்குப் பெரும்பாலும் இரண்டு வாய், ஒவ்வொன்றும் 65 மில்லிமீட்டர். ஹோஸை அதில் திருகிப் பூட்ட வேண்டியதில்லை. அழுத்தினால் ‘டக்’கென்று கவ்விக்கொள்ளும். பொம்பாக்காரர்கள் சோதனைக்குத் திறக்கும்போது நின்று பாருங்கள். சங்கிலியில் தொங்கும் மூடியைக் கழற்றி, தண்டை மெல்ல மெல்லத் திருகுவார்கள். முதலில் காற்று சீறும். அடுத்து துருவும் மணலும் கலந்து செங்காவி நிறத்தில் ஒரு கக்கு கக்கும். அது தெளியும்வரை ஓடவிட்டு, பிறகுதான் அழுத்தமும் அளவும் பார்ப்பார்கள். மூடுவது திறப்பதைவிட நிதானம். சட்டென்று மூடினால் ஓடி வந்த தண்ணீர் முட்டித் திரும்பி, மண்ணுக்கடியில் குழாயை உடைத்துவிடும்.

இதெல்லாம் பைப்பு உருப்படியாக இருந்தால். ஈப்போவில் ஒரு சந்தில் நான் பார்த்ததில் மூடியே இல்லை. பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. திறந்து கிடந்த வாய்க்குள் யாரோ காலி பானப் பெட்டியைச் செருகியிருந்தார்கள். நெருப்பு நேரத்தில் அந்தப் பெட்டியைப் பிடுங்க ஆகும் நேரமும் கணக்கில்தான் சேரும். 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டத்தில் தண்ணீருக்கும் பொம்பா பைப்புக்கும் என்றே தனிப் பகுதி உண்டு. பைப்பை மறைப்பது குற்றம், தீயணைப்பு தவிர வேறு வேலைக்கு அதில் தண்ணீர் பிடிப்பதும் குற்றம். சட்டத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

இனி தூரம். 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளின்படி, தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள் ஒரு பொம்பா பைப்பாவது இருக்க வேண்டும். அந்தக் காலத்து 300 அடிதான் மீட்டருக்கு மாறி இப்படி அரைகுறை எண்ணாக நிற்கிறது. 30 மீட்டர் ஹோஸ் மூன்றைப் பூட்டினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும்.

வண்டியிலேயே தண்ணீர் இருக்குமே என்பார்கள். இருக்கிறது. வழக்கமான தீயணைப்பு வண்டி சுமப்பது 2,000 லிட்டர் அளவு. ஒரு ஹோஸ் முனை நிமிடத்துக்கு 400 முதல் 500 லிட்டர்வரை குடிக்கும். ஐந்து நிமிடத்தில் தொட்டி காலி. நம் நாட்டில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் தண்ணீர் 200 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு நாளுக்கு ஆகும் தண்ணீரை ஒரே ஹோஸ் அந்த ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. வண்டித் தண்ணீர் தொடக்கத்துக்கு மட்டும். அது தீர்வதற்குள் பைப்பு கிடைத்தாக வேண்டும்.

இந்த இடத்தில் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கத்துத் தோட்டங்களுக்குள் நுழைவோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. தாமான் கட்டும் மேம்பாட்டாளர் வரைபடத்தைப் பொம்பாவிடம் காட்ட வேண்டும். பைப்பு எங்கெங்கே என்று குறிக்க வேண்டும். சரிபார்த்த பிறகுதான் வீட்டுச் சாவி. ஆகவே தாமானில் பைப்பு ஒழுங்காக நிற்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம், வீடு கிடைக்கும் என்று காத்திருக்கும் பழைய லயத்தில் அது இல்லை. அங்கே புதிதாக எதுவும் கட்டப்படவில்லை. அதனால் எந்த வரைபடமும் யார் மேசைக்கும் போகவில்லை.

லயத்து வீடு தீக்கு எவ்வளவு தோதானது என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே முகட்டின்கீழ் வரிசையாக வீடுகள். பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் பற்றினால் புகையும் சூடும் முகட்டு வழியே அடுத்தடுத்த வீட்டுக்குப் போய்விடும். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலத்தில், மக்களை ஓரிடத்தில் சேர்க்கும் பிரிக்ஸ் திட்டம் 1950இல் வந்த பிறகு, சிதறிக் கிடந்த லயங்களை முள்வேலிக்குள் ஒன்றாகச் சேர்த்த தோட்டங்கள் பல. பாதுகாப்பு என்ற பெயரில் வீடுகள் இன்னும் நெருங்கின. தோட்டத்தில் தீ பயம் இல்லாமலா இருந்தது? இருந்தது, புகை வீட்டில். ரப்பர் ஷீட்டைக் கழியில் தொங்கவிட்டு நாள் கணக்கில் விறகுப் புகை போடும் இடம்; ஒரு ஷீட் அறுந்து நெருப்பில் விழுந்தால் மொத்தமும் போச்சு. மணல் வாளி தொங்கியது புகை வீட்டில்தான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சரக்குக்கு இருந்த அக்கறை லயத்துக்கு வரவில்லை என்பது என் கணிப்பு.

லயத்துக்குத் தண்ணீர் வந்த விதத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் கிணறு, ஓடை, தோட்டத்துத் தொட்டி. பிறகு பொதுக் குழாய். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுக்கு வீடு போதுமான குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் குடிக்க, குளிக்க, துவைக்கப் போதுமான தண்ணீர் வேறு. தீக்குப் போதுமான தண்ணீர் வேறு. நீர் வாரியத்தின் பெரிய குழாய் சாலையோரம் வரை வரும். அங்கே தோட்டத்துக்கு ஒரு மொத்த மீட்டர். மீட்டருக்கு உள்ளே இருப்பது தோட்டத்துச் சொந்தக் குழாய். பல இடங்களில் அது இரண்டு அங்குலம்கூட இருக்காது.

குழாய் பருமனில் கண்ணுக்குத் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. ஆறு அங்குலக் குழாயில் இரண்டு அங்குலத்தைவிட மூன்று மடங்கு தண்ணீர் வரும் என்று நினைக்கத் தோன்றும். அதே தூரம், அதே அழுத்தம் என்றால் 15 மடங்குக்கு மேல் வரும். சின்னக் குழாயின் சுவரில் உரசியே தண்ணீர் தன் வேகத்தை இழந்துவிடுகிறது. உலு கிந்தாவில் அவ்வளவு பெரிய சுல்தான் அஸ்லான் ஷா அணை நிறைந்து நின்றாலும், கடைசி 500 மீட்டர் இரண்டு அங்குலமாக இருந்தால் லயத்துக்கு வருவது இரண்டு அங்குலத் தண்ணீர்தான். அந்தக் குழாயில் பொம்பா பைப்பை நட்டு வைத்தாலும் பயன் கிடையாது, அழகுக்கு நிற்கும்.

தோட்டம் கைமாறிய பிறகு நிலைமை இன்னும் மோசம். பழைய கம்பெனி போய்விட்டது. புதிய உரிமையாளருக்கு நிலம் வேண்டும், லயம் வேண்டாம். வாரியத்தைக் கேட்டால் மீட்டர்வரைதான் எங்கள் பொறுப்பு என்பது முறையான பதில். பொம்பாவுக்குத் தண்ணீர் எடுக்க உரிமை உண்டு, எடுக்கத் தண்ணீர் இல்லை. யார்மீதும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாதபடி பொறுப்பு அந்த மீட்டர் பெட்டியிலேயே முடிந்துவிடுகிறது.

பைப்பு இருந்தும் தண்ணீர் கிடைக்காமல் போவது பணக்கார ஊர்களிலும் நடந்திருக்கிறது. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டன், பிலடெல்பியாவிலிருந்து வண்டிகள் ஓடி வந்தன. அவர்கள் ஹோஸ் அந்த ஊர்ப் பைப்பில் பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ், பாலிசேட்ஸ் மலைப்பகுதியில் தலா 10 லட்சம் கேலன் கொண்ட மூன்று தொட்டிகளும் வற்றி, மேட்டிலிருந்த பைப்புகள் காய்ந்தன. ஒரு வீடு, இரண்டு வீடு எரிந்தால் சமாளிக்கப் போட்ட குழாய் அது. மலையே எரியும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

நமக்கு ஈயக் குட்டைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கிந்தா பள்ளத்தாக்கில் குட்டைக்குப் பஞ்சமில்லை. பம்ப் வைத்து உறிஞ்சினால் எத்தனை மணி நேரமும் அடிக்கலாம். ஆனால் எந்தப் பம்பாலும் நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்குமேல் தண்ணீரை உறிஞ்சித் தூக்க முடியாது. பல குட்டைகளின் கரை செங்குத்து. வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்கிவிடும். கரை மணலில் வண்டி புதையும். வண்டி நிற்க ஒரு காங்கிரீட் தளம், குட்டைக்குள் இறங்கும் ஒரு நிரந்தர உறிஞ்சுகுழாய், அதன் மேல்முனையில் பொம்பா ஹோஸ் கவ்வும் வாய். நீளக் குழாய் பதிப்பதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியிலேயே செய்யக்கூடிய வேலை என்பேன்.

இடையில் ஒரு விஷயம். புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் போல, வீட்டிலேயே கடாய் வைத்து முறுக்கும் கடலையும் பொரிக்கும் இடங்களில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கேஸை அடைத்து, கடாயை மூடிவிடுங்கள். பைப்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

லயத்தில் அல்லது லயத்தை ஒட்டிய கம்பத்தில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வரிசையின் கடைசி வீட்டிலிருந்து பக்கத்துப் பொம்பா பைப்புவரை நடந்து தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் பெட்டிக்கு உள்ளே வரும் குழாய் எத்தனை அங்குலம் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். வண்டி திரும்ப இடமிருக்கிறதா, பக்கத்துக் குட்டை எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதி, உங்கள் வட்டாரப் பொம்பா நிலையத்துக்கும் பேராக் நீர் வாரியத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். கடிதம் எழுத ஆள் இல்லையென்றால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

(தொடரும்)