கால் மணி நேரப் பந்து

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏழு வயது மகளை சாஃப்ட்பால் குழுவில் சேர்த்திருக்கிறோம். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வீட்டுப் பின்புறம் பந்து போட்டுப் பழக்குகிறேன். இது போதுமா, இன்னும் கூட்ட வேண்டுமா?”

கூட்ட வேண்டாம் ஐயா, பிரித்துவிடுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்தான் வருகிறது. ஆனாலும் சனிக்கிழமை முழுப் பயிற்சியைவிடக் குழந்தையின் கையில் அதிகம் தங்க வாய்ப்புண்டு.

விளையாட்டின் வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துக்கொள்வோம். 1887 நவம்பரில் சிகாகோவின் ஃபராகட் படகுக் கழகத்தில், யேல்–ஹார்வர்டு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டித் துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடினார்கள். ஜார்ஜ் ஹான்காக் அதற்கு விதிகள் வகுத்தார். பேஸ்பாலின் இந்த உறவுக்கார ஆட்டத்தில் பிட்ச்சர் கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தை வீசுகிறார். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 11 அங்குலம். 1996 முதல் 2008 வரை பெண்கள் ஆட்டமாக ஒலிம்பிக்கில் இருந்தது, டோக்கியோவில் ஒருமுறை திரும்பியது, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்கு மறுபடி வருகிறது. ஒலிம்பிக் என்ற சொல்லைக் காட்டி ஏழு வயதுப் பிள்ளைக்கு மணிக்கணக்கில் பயிற்சி விற்க வருபவர்களிடம் கவனமாக இருங்கள்.

இனி நமக்கு வேண்டிய அறிவியல். 1970களில் பிரிட்டன் தபால் துறை தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. உளவியலாளர் ஆலன் பேட்லி, லாங்மன் என்பவருடன் சேர்ந்து ஊழியர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை, ஆக நான்கு மணி நேரம். மற்ற இரண்டும் இடைப்பட்டவை. 1978இல் வெளியான முடிவு இது: ஒரு மணி நேரக் குழு சுமார் 55 மணி நேரத்தில் கற்றதைக் கற்க, நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 80 மணி நேரம் தேவைப்பட்டது. அதே ஆண்டில் கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுக் குழந்தைகளைக் கொண்டு இன்னொன்றைக் காட்டினார்கள். பயறு அடைத்த சிறு பையை இலக்கு நோக்கி வீச வேண்டும். ஒரு குழு மூன்று அடித் தொலைவில் மட்டுமே பழகியது. மற்றது இரண்டு அடியிலும் நான்கு அடியிலும் மாற்றி மாற்றிப் பழகியது, மூன்று அடியைத் தொடவே இல்லை. கடைசியில் மூன்று அடியில் சோதித்தபோது ஜெயித்தது இந்த இரண்டாவது குழு.

இது ஏன் நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பந்தை வீசுவதற்கு முன் மூளை ஒரு திட்டம் போடுகிறது: தோளை எவ்வளவு திருப்புவது, எந்த நொடியில் விரலை விடுவது, எந்தக் காலில் எடையை வைப்பது. அதே பந்தை அதே இடத்துக்கு உடனே மறுபடி வீசச் சொன்னால், போட்ட திட்டம் இன்னும் சூடாக இருக்கிறது. மூளை அதையே எடுத்து ஓட்டிவிடுகிறது. இருபதாவது வீச்சு அழகாகத்தான் இருக்கும், ஆனால் திட்டமிடும் வேலை முதல் வீச்சோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. நடுவே தரையில் உருண்டு வரும் பந்து ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு பேட்டைக் கொடுத்து ஒரு பந்தை அடிக்கச் சொல்லுங்கள். மறுபடி வீச வரும்போது பழைய திட்டம் கலைந்திருக்கும். முதலிலிருந்து கட்ட வேண்டும். இப்படிக் கட்டும் வேலைதான் கற்றல் என்று டிமோதி லீ, ரிச்சர்ட் மகில் ஆகியோர் 1980களில் வாதிட்டார்கள். இடையில் வரும் மறதி அவர்கள் கணக்கில் ஒரு வரவு.

வாசலில் கோலம் போடப் பழகும் பெண்ணைப் பாருங்கள். நேற்றுப் போட்டது இன்று காலைக்குள் மிதிபட்டுக் கலைந்திருக்கும். மிச்சத்தையும் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிட்டுப் புள்ளியிலிருந்து தொடங்குகிறாள். இழை எங்கே வளைய வேண்டும் என்று விரல் ஒரு கணம் தயங்குகிறது, நினைவைத் துழாவுகிறது, வளைக்கிறது. அந்தத் தயக்கத்தில்தான் கோலம் அவளுக்குள் இறங்குகிறது. நேற்றைய கோலத்தின் மேலேயே மாவைத் தூவிக்கொண்டிருந்தால் கைக்கு வேலையே இல்லை. ஒட்டுக் கோலம் வாங்கி வைத்த வீட்டில் கோலம் இருக்கும், போடத் தெரிந்தவள் இருக்க மாட்டாள். ஐந்து புள்ளி, ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று மாற்றிப் போட்டவளுக்குப் பார்க்காத கோலமும் பிடிபடும். சனிக்கிழமை ஒரே மூச்சில் எண்பது பந்து வீசும் குழந்தை பழைய இழைமேல் மாவு தூவிக்கொண்டிருக்கிறாள். தினமும் பத்துப் பந்து வீசுபவள் ஒவ்வொரு நாளும் வாசல் தெளிக்கிறாள்.

இதற்கு மைதானச் சான்றும் உண்டு. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவில் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு ஆறு வாரம், வாரம் இருமுறை, 45 பந்துகள் கூடுதலாக வீசப்பட்டன. ஒரு குழுவுக்கு வேகப் பந்து 15, வளைபந்து 15, வேகம் தணிந்த பந்து 15 என வரிசையாக. இன்னொரு குழுவுக்கு மூன்றையும் கலந்து. கலந்து ஆடியவர்கள் சுமார் 57 சதவீதம் முன்னேறினார்கள். வரிசையாக ஆடியவர்கள் 25 சதவீதம்.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு துள்ள வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள். இந்தக் கலப்புப் பயிற்சியின் பலன் ஆய்வுக்கூடத்தில் பெரியவர்களிடம் தெரியும் அளவுக்கு மைதானத்தில் குழந்தைகளிடம் தெரிவதில்லை. பந்தை எப்படிப் பிடிப்பதென்றே தெரியாத குழந்தைக்கு முதல் சில நாட்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய விடுவதுதான் சரி. ஓரளவு கைவந்த பிறகு கலக்கலாம்.

இன்னும் இரண்டு ஆரவாரங்களையும் ஒதுக்கி வைப்போம். பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் மேதையாகலாம் என்பது ஒன்று. அந்த எண் வயலின் மாணவர்களின் சராசரியிலிருந்து வந்தது; ஆய்வு செய்த ஆண்டர்ஸ் எரிக்சனே அதை விதியாக்கியதை ஏற்கவில்லை. இரண்டாவது, பத்து நொடி ஓய்வில் மூளை பயிற்சியை இருபது மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறது என்ற 2021ஆம் ஆண்டுச் செய்தி. மூளையில் கண்ட அந்தப் பதிவு வியப்பானதுதான். ஆனால் ஓய்வுக்குப் பின் தெரியும் முன்னேற்றம் களைப்பு நீங்கியதால் வந்ததாகவும் இருக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது விரலால் விசை தட்டும் சோதனை வேறு. அதை வைத்துப் பந்துப் பயிற்சிக்கு நொடிக்கணக்கு விற்பவர்களை நம்பாதீர்கள்.

அப்படியானால் கால் மணி நேரத்தில் என்ன செய்வது? மென்மையான பந்து, சிறிய கையுறை. நான்கைந்து வீச்சு, பிறகு உருளும் பந்து, பிறகு டீ எனப்படும் கம்பத்தின் மேல் பந்தை வைத்து நான்கு முறை அடிப்பது, மறுபடி வீச்சு, இம்முறை இரண்டு எட்டு தள்ளி நின்று. பந்தைப் போடும்போது மிகவும் மெதுவாகப் போடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு மெதுவான அசைவின் வேகத்தைக் கணிப்பது நாம் நினைப்பதைவிடக் கடினம். ஒவ்வொரு வீச்சுக்கும் திருத்தம் சொல்லாதீர்கள்; பந்து எங்கே போய் விழுந்தது என்பதை அவள் கண்ணே பார்க்கிறது. தோள் வலி என்று சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வளரும் எலும்பின் முனைகளுக்கு அருகே இன்னும் குருத்தெலும்பு இருக்கிறது.

ஒரு சிக்கலை முன்பே சொல்லிவிட வேண்டும். பேட்லியின் தட்டச்சுக்காரர்களில் மிகக் குறைந்த மணி நேரத்தில் கற்ற அந்த ஒரு மணி நேரக் குழுதான் தன் பயிற்சியைப் பற்றி மிகக் குறைவாகத் திருப்தி அடைந்தது. பயிற்சி நாள்கணக்கில் நீண்டதே காரணம். உங்களுக்கும் அப்படித் தோன்றும். கலந்து பழகும் குழந்தை அன்றைய பயிற்சியில் நிறையத் தவறவிடுவாள், சனிக்கிழமையின் எண்பதாவது வீச்சு எவ்வளவு நன்றாக இருந்தது என்று மனம் ஏங்கும். ஆகவே இன்றைய கடைசி ஐந்து வீச்சைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாளை மறுநாள், கை சூடேறும் முன், முதல் ஐந்து வீச்சைப் பாருங்கள். அவள் உண்மையில் கற்றது அவ்வளவுதான்.