மூலத் திராவிட மொழியைத் தேடி

மும்பை மாதுங்காவின் கடைவீதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. தாராவியிலும் செம்பூரிலும் இம்மொழிகளைப் பேசுவோர் அண்டைவீட்டாராக வாழ்கின்றனர். அவர்கள் பேச்சில் நம் சொற்கள் சற்றே உருமாறிக் கேட்கும்போது, 'இவை யாவும் தமிழிலிருந்து பிறந்தவையே' என்று நம்மிற் பலர் சொல்லிவிடுகிறோம். கேட்கும் அயலார்க்கு அது மனத்தாங்கலை விளைவிக்கிறது. மொழிநூலார் இதைப்பற்றிக் கூறும் முடிபு யாது? அம்முடிபை அவர்கள் எவ்வாறு கண்டனர்? இவ்விரண்டையும் இங்கே ஆராய்வோம்.

தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தமக்குள் ஓர் இனமாக அமைந்தவை என்பதை 1816-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1856-இல், கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலை வெளியிட்டார். அவர் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்தவர். தாராவித் தமிழர் பலரின் முன்னோர் அச்சீமையிலிருந்து வந்தவரே. தமிழின் தொன்மையைப் போற்றிய கால்டுவெல்லும், தமிழே மூலமொழி என்று கூறினாரல்லர். பின்னர், பர்ரோ, எமனோ ஆகிய இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியும், பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-இல் வெளியிட்ட பெருநூலும் இவ்வாய்வை நெடுந்தூரம் கொண்டுசென்றன.

முறையின் அடிப்படை எளியது. இரு மொழிகளில் ஒரு சொல் ஒத்திருந்தால் அது தற்செயலாக இருக்கலாம். கடனாகப் பெற்றதாகவும் இருக்கலாம். ஆகவே எளிதில் கடன் வாங்கப்படாத உடலுறுப்பு, எண், அன்றாடப் பொருள் ஆகியவற்றின் பெயர்களையே முதலில் எடுத்துக்கொள்வர். அவற்றின் ஒலிகள் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஓர் ஒலிக்கு மற்றோர் ஒலி ஒழுங்காக ஈடு நிற்றல் வேண்டும். நாம் பால், பல், புலி என்கிறோம். கன்னடியர் ஹாலு, ஹல்லு, ஹுலி என்கின்றனர். சொல்லின் முதலில் நிற்கும் நம் பகரத்துக்கு ஆங்கே ஹகரம் நிற்கிறது. இவற்றுள் எது பழையது? தெலுங்கிலும் பாலு, புலி என்று பகரமே உள்ளது. கன்னடத்தின் பழைய கல்வெட்டுக்களிலும் பகரமே காணப்படுகிறது. ஆகவே பகரமே மூலம்; ஹகரம் பின்னர் வந்த மாற்றம்.

நம் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. மங்களூர் உணவகங்களில் 'கோரி ரொட்டி' உண்டோர், துளுவில் அதுவே கோரி எனப்படுவதை அறிவர். ஏழு என்னும் எண்ணும் கன்னடத்தில் ஏளு எனவும், தெலுங்கில் ஏடு எனவும் வழங்குகிறது. இங்கே மூலத்தின் ழகரத்தைத் தமிழும் மலையாளமும் காத்துவந்திருக்கின்றன.

இதுகொண்டு தமிழ் எல்லாவற்றையும் காத்தது என்று கருதிவிடலாகாது. நாம் செவி என்பதைக் கன்னடியர் கிவி என்பர். துளுவர் கெபி என்பர். கோலாமி மொழியினர் கெவ் என்பர். ககரமே இங்கு மூலம். இகர எகரங்களின் முன் நின்ற ககரத்தைத் தமிழ் சகரமாக மாற்றிவிட்டது. ஆயின் கிளி, கேள் ஆகிய சொற்களில் அது மாறவில்லை. அவற்றில் அடுத்து வரும் ளகரம் போன்ற நாவளை ஒலி அம்மாற்றத்தைத் தடுத்தது. மாற்றத்துக்கு ஒரு விதி உண்டு. மாறாமைக்கும் ஒரு விதி உண்டு. இவ்வொழுங்கே ஆய்வாளரின் கைவிளக்கு.

இனி உப்பைக் காண்போம். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றிலும் அது உப்பு என்றே உள்ளது. இம்மூன்றை மட்டும் நோக்குவோர், மூலமும் அதுவே என்று முடிவுசெய்வர். ஆனால் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியில் வாழும் கோலாம் மக்கள் உப்பைச் 'சுப்' என்கின்றனர். நம் ஆறு என்னும் எண், கோண்டி மொழியில் சாருங் எனப்படுகிறது. இச்சொற்களின் முதலில் சகரம் இருந்ததென்பதும், பெருமொழிகள் அதை இழந்துவிட்டன என்பதும் இதனால் விளங்குகின்றன. கோண்டியின் வட்டார வழக்குகளை நோக்கினால், இத்தகைய சகரம் ஓரிடத்தில் சகரமாகவே நிற்கிறது, ஓரிடத்தில் ஹகரமாகிறது, ஓரிடத்தில் அறவே மறைகிறது. தமிழில் ஏட்டுக்கு எட்டாத காலத்தில் நிகழ்ந்த மறைவின் படிகளை அங்கே இன்றும் காதாற் கேட்கலாம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கோலாமி பேசுவோர் ஏறத்தாழ 1,28,000 பேரே. அவர்களது பேச்சு மறைந்துபோயிருப்பின், நம் உப்பின் வரலாற்றுக்கு ஒரு பெருஞ்சான்று இல்லாமற் போயிருக்கும்.

இவ்வாறு ஊகித்து அமைத்த சொல்வடிவத்தின் முன் உடுக்குறி இடுவது மரபு. எந்த ஏட்டிலும் கல்லிலும் காணப்படாத வடிவம் என்பதை அது உணர்த்தும். இம்மூலமொழி கிளைக்கத் தொடங்கி ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. இம்முறை நமக்கே உரியதன்று. பிரேசில் நாட்டில் தூப்பி இனமொழிகளின் மூலத்தை ஆரியோன் ரோட்ரிகஸ் என்னும் அறிஞர் இவ்வாறே ஆராய்ந்தார். அங்கே நம் சங்க நூல்களைப்போன்ற பழைய இலக்கியம் இல்லை. சிறு குடிகளின் பேச்சே பெருஞ்சான்று.

மராத்தி வேறினத்து மொழியாயினும், அதிலும் நமக்குப் பழகிய ஒன்று உண்டு. கேட்போரை உளப்படுத்தி 'நாம்' என்றும், விலக்கி 'நாங்கள்' என்றும் கூறுகிறோம். மராத்தியர் முறையே 'ஆபண்', 'ஆம்ஹீ' என்பர். இந்தியின் 'ஹம்' இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. மூலத் திராவிடத்தில் இருந்த இவ்வேறுபாடு, நெடுங்கால உறவினால் மராத்தியிற் படிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்றைய கன்னடமோ இதனை இழந்து 'நாவு' என்னும் ஒரே சொல்லை வழங்குகிறது.

ஆகவே, தமிழ் மற்றவற்றின் தாயன்று. மிகப் பழைய இலக்கியத்தை உடைய உடன்பிறப்பு. தாயின் உடைமை எல்லா மக்களிடமும் பங்காகிக் கிடக்கிறது. நம் பிள்ளைகள் அயலாரின் மொழியைக் கேட்டு நகைக்காமல், இது நம் மொழியில் எவ்வாறு வழங்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கற்பிப்போம். பாட்டிமார் வாயில் வழங்கும் ஊர்ச்சொற்களையும், அகராதியில் இல்லையென்று ஒதுக்காமல், குறித்துவைப்போம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவ்விரண்டும் எளிதிற் கைகூடும்.