இரைச்சலைத் தின்னும் இரட்டைச் சுருள்

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் பேருந்தில் செல்வோர் கூட்டேரிப்பட்டுச் சந்திப்பை அறிவர். அங்கே புதுச்சேரிக்குப் பிரியும் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் மயிலம் மலை. பங்குனி உத்திரம் வந்துவிட்டால் எங்கள் வட்டாரத்தில் மேடைக்கும் மெல்லிசைக் குழுவுக்கும் பஞ்சமே இராது. அத்தகைய குழு ஒன்றில் என் அண்ணன் மின் கிதார் வாசிக்கிறார்.

சென்ற ஆண்டு அப்படியொரு மேடை. பக்கத்தில் ஜெனரேட்டர், தலைக்கு மேலே சீரியல் விளக்குகள். பாட்டு நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பாட்டு நின்றதும் ஒலிபெருக்கியில் வண்டு முரல்வதுபோல் ஓர் இரைச்சல். அண்ணன் கிதாரோடு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் அது குறைந்தது; நேராகத் திரும்பினால் மீண்டும் வந்தது. மூன்றாம் பாட்டு முடிந்ததும் மைக் செட்காரர் மேடையோரம் வந்து, “தம்பி, உன் கிதார்லேர்ந்துதாம்பா வருது. கொஞ்சம் ஆஃப் பண்ணிடு” என்றார். அதன்பின் நான்கு பாட்டுக்கு அண்ணன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பும் வழியில், “டேய், நீ பிசிக்ஸ்தானே படிக்கிற? இது எங்கேர்ந்து வருதுன்னு சொல்லேன்” என்று கேட்டார். மின்காந்தவியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆயினும் அன்று வாய் திறக்க முடியவில்லை. அந்தக் கேள்விக்குத் தேடிய விடைதான் இக்கட்டுரை.

மின் கிதாரின் தந்திகளுக்குக் கீழே சிறு பெட்டிபோல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதைப் பிக்கப் என்பர். அது மைக் அன்று; காற்றின் அதிர்வு அதற்குத் தேவையில்லை. உள்ளே இருப்பவை காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செப்புக் கம்பியால் ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருளும்தான். காந்தம் மேலேயுள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி ஆடும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைய, 1831-இல் பாரடே கண்ட விதிப்படி சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அதையே பெருக்கி நாம் இசையாகக் கேட்கிறோம்.

அந்தச் சுருளுக்கோ இது தந்தியின் பாயம், இது ஜெனரேட்டரின் பாயம் என்று பிரித்தறியத் தெரியாது. நம் நாட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றிகளிலிருந்து கசியும் 50, 100, 150 ஹெர்ட்ஸ் காந்தப்புலங்கள் யாவும் அழையா விருந்தாளிகளாகச் சுருளுக்குள் நுழைகின்றன. அண்ணன் திரும்பி உட்கார்ந்ததும் இரைச்சல் குறைந்ததன் காரணம் நம் பாடப்புத்தகத்திலேயே உள்ள கோசைன் விதிதான். புலத்தின் திசைக்குச் சுருளின் அச்சு செங்குத்தாகும்போது பாயம் சுழியாகிறது. இயற்பியல் படிக்காமலே என் அண்ணன் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்!

இதைச் சோதித்துப் பார்க்க நம் ஆய்வகத்துச் சுரமானியே போதும் என்றார் எங்கள் பேராசிரியர். சுரமானியால் மின்னோட்டத்தின் அதிர்வெண் காணும் சோதனையை நாமெல்லோரும் செய்திருக்கிறோம். மின்காந்தத்தைக் கம்பியருகே வைத்து மாறுமின்னோட்டம் செலுத்துகிறோம். ஒரு சுற்றுக்கு இருமுறை இழுக்கப்படும் எஃகுக் கம்பி 100 ஹெர்ட்ஸில் ஆட, அதைப் பாதியாக்கி 50 என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். அச்சோதனையைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே பிக்கப்.

பழைய ரிலே இரண்டை உடைத்து அவற்றின் சுருள்களை எடுத்தோம். ஒன்றின் அடியில் சிறு காந்தத்தை ஒட்டி, சுரமானிக் கம்பியின் கீழே வைத்து, ஒலிபெருக்கியின் மைக் துளையில் இணைத்தோம். கம்பியை மீட்டியதும் ஒலி கேட்டது. அருகில் பேட்டரி எலிமினேட்டரைப் போட்டதும் மேடையில் கேட்ட அதே வண்டும் வந்துவிட்டது. எஃகுக் கம்பியைக் கழற்றிப் பித்தளைக் கம்பி பூட்டினால் எவ்வளவு மீட்டியும் ஒலியில்லை. பித்தளை காந்தத்துக்கு மசியாதல்லவா? வீணையில் சாரணிக்கும் பஞ்சமத்துக்கும் எஃகு, மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளை என்பது பழைய வழக்கம். அத்தகைய வீணைக்குக் காந்தப் பிக்கப் வைத்தால் பாதித் தந்திகள் ஊமையாகிவிடும் என்பது இதனால் விளங்கிற்று.

பிறகு இரண்டாவது சுருளையும் அதேபோல் காந்தம் ஒட்டி அருகில் வைத்தோம். முதல் சுருளுக்கு எதிராக இருக்குமாறு முனைகளை மாற்றித் தொடரிணைப்பில் இணைத்தோம். எலிமினேட்டரின் இரைச்சல் இரண்டிலும் சம அளவில் நுழைந்து ஒன்றையொன்று அழிக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அழித்தது! மகிழ்ச்சியோடு கம்பியை மீட்டினேன். அதன் ஒலியும் ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. ஆய்வகமே சிரித்தது.

பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது சுருளின் காந்தத்தை மட்டும் புரட்டி ஒட்டினார். வடமுனை இருந்த இடத்தில் தென்முனை வந்தது. இப்போது கம்பி கணீரென்று ஒலித்தது. இரைச்சல் அடங்கியே இருந்தது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் நம் காந்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே இரண்டாவது சுருளில் அது ஒரேயொரு முறை தலைகீழாகி, முதல் சுருளின் இரைச்சலோடு மோதி மறைகிறது. கம்பியின் ஒலியோ காந்தத்தால் ஒருமுறை, இணைப்பால் ஒருமுறை என இருமுறை தலைகீழாகிறது. எதிர்மறையை எதிர்மறையால் பெருக்கினால் நேர்மறை என்று ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ மனப்பாடம் செய்தோமே, அதன் பயனை என் காதால் கேட்டது அன்றுதான்.

இந்த இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு ஹம்பக்கர் என்று பெயர். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்பவர் இதற்காக 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது கிடைத்தது 1959-இல். இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற வாசகத்தை ஒட்டினார்கள். அந்தச் சீட்டு ஒட்டிய பிக்கப்புகளை இன்று பெருஞ்செல்வர்களே வாங்க முடியும். பின்னர் ஒட்டிய சீட்டில் காப்புரிமை எண்ணை அச்சிட்டார்கள். ஆனால் அந்த எண் இதனுடையதன்று. லெஸ் பால் என்ற கிதார் கலைஞர் தந்தி பூட்டும் பாகம் ஒன்றுக்காகப் பெற்றது! போட்டியாளரைத் திசைதிருப்பவே அப்படிச் செய்தார்கள் என்று சொல்வோர் உண்டு.

லவர் விரும்பியது அமைதி. அவருடைய பிக்கப்பில் சுருளுக்குச் சுமார் 5,000 சுற்றுகள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 8 கிலோ ஓம் மின்தடை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிக்கோ காந்தம். அடுத்த தலைமுறை வேறொன்றை விரும்பியது. நியூயார்க்கில் கிதார் பழுது பார்த்துவந்த லாரி டிமார்சியோ 1972-இல் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்றொரு ஹம்பக்கரை உருவாக்கினார். சுற்றுகளைக் கூட்டினார், மின்தடை 13 கிலோ ஓமைத் தாண்டியது. அல்நிக்கோவுக்குப் பதிலாகப் பீங்கான் காந்தம் வைத்தார். அதுவரை கிதாரின் ஒலி பிடிக்காதவர் கிதாரையே மாற்றுவார். இவர் வந்தபின் பிக்கப்பை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்றாயிற்று. ஐம்பதாண்டு கடந்தும் அது விற்பனையில் இருக்கிறது.

அதன்மேல் கலைஞர்களுக்கு ஏன் இத்தனை மோகம்? வலுவான மின்னலை வால்வு பெருக்கியில் நுழையும்போது பெருக்கியால் அதை முழுதும் தாங்க முடிவதில்லை. அலையின் தலையை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. அதுவே ராக் இசையின் கரகரப்பு. இன்னொரு பயனும் உண்டு. தந்தியின் ஆட்டம் தேய்ந்துகொண்டே வந்தாலும், வெட்டும் அளவுக்கு மேலே அலை இருக்கும்வரை நம் காதுக்கு ஒலி ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கிறது. சுரம் நீண்டு நிற்பதுபோல் தோன்றுவதன் இரகசியம் இதுதான்.

சுரம் நீள வேண்டும் என்ற ஆசை நம் இசைக்கும் உண்டு. மாண்டலினின் ஒலி பட்டென்று எழுந்து சட்டென்று மறையும். அதில் கமகம் ஏது? அதன் இரட்டைத் தந்திகளை ஒருசேர வளைப்பதும் எளிதன்று. ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்திகளை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றி மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். 1978-இல் குடிவாடாவில் அரங்கேறி, 1981-இல் சென்னையில் வாசித்தபோது அவர் பாலகர். இங்கிலாந்துக் கிதார் கலைஞர் ஜான் மக்லாஃப்ளினோடு உலக மேடைகளிலும் அமர்ந்தார். 2014-இல் மறைந்தார். கரகரப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. தேயும் சுரத்தின் வால்வரை கேட்கச் செய்யும் மின் பெருக்கமே அவருக்கு வேண்டியிருந்தது. ஒரே கருவியை ராக் கலைஞர் ஒரு பயனுக்கும் கர்நாடக வித்துவான் மற்றொரு பயனுக்கும் கொள்வதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

ஆனால் வலிமைக்கு விலை உண்டு. சுற்று கூடினால் சுருளின் தன்தூண்டல் கூடும். அதனால் ஒத்ததிர்வு அதிர்வெண் இறங்கி, உச்சத்தின் பளபளப்பு மங்கும். இரு சுருள்களும் தந்தியைச் சற்றே தள்ளித்தள்ளி இரண்டு இடங்களில் கேட்பதால் மிக நுண்ணிய மேற்சுரங்கள் சில தமக்குள்ளேயே அழிந்தும் போகும். காந்தம் தந்திக்கு மிக அருகில் வந்துவிட்டால் தந்தியையே பிடித்திழுத்துச் சுருதியைக் குழப்பும். எண் பெரிதாக இருந்தால் பிக்கப் உயர்ந்தது என்று நினைத்து வாங்குவோர் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கோலம் போடுகிறவர்கள். வெளிச்சம் நிறைய இருக்கும், கண்தான் கூசும்.

அண்ணனுக்குச் சென்னைக் கடை ஒன்றிலிருந்து பீங்கான் காந்த ஹம்பக்கர் வாங்கி வந்தோம். டிமார்சியோ நம் பைக்கு எட்டாது. இது பெயர் தெரியாத ஒன்று. மல்டிமீட்டரில் 14 கிலோ ஓம் காட்டியது. பழைய ஒற்றைச் சுருளைப்போல் இருமடங்கு அகலம் என்பதால் கிதாரின் குழியைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஊர் ஆசாரி உளியைக் கையில் வைத்துக்கொண்டு, “வாத்தியத்துல கை வைக்கலாமா தம்பி?” என்று வெகுநேரம் தயங்கினார். ஒலிக் கட்டுப்பாட்டில் இருந்த 250 கிலோ ஓம் மின்தடையைக் கழற்றி 500 வைத்தோம். இல்லையேல் இருக்கிற உச்சமும் போய்விடும். அண்ணன் ஆசைப்பட்டு முதல் நாள் பிக்கப்பைத் தந்திக்கு ஒட்டினாற்போல் ஏற்றி வைத்தார். அடித்தந்தி சுருதி சேராமல் தள்ளாடியது. திருகை மெல்ல மெல்லத் தளர்த்தி இறக்கியதும் சரியாயிற்று.

இவ்வாண்டு பங்குனி உத்திரத்தன்றும் அதே மேடை, அதே ஜெனரேட்டர். அண்ணன் கூட்டத்தைப் பார்த்து நேராகவே உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முடிந்து மேடை அமைதியானதும் மைக் செட்காரர் ஓடிவந்தார். “என்னப்பா, கிதார் லைன் கழண்டுடுச்சா? சத்தமே காணோமே!” என்றார். அண்ணன் பதில் சொல்லாமல் ஒரு தந்தியை மட்டும் மீட்டினார்.