கசடும் பாகுநிலையும்: ஒரு கலைச்சொல் விளக்கம்

கசடு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. திருக்குறளில் குற்றம் என்னும் பொருளில் வரும் அச்சொல்லை உலோகவியல் தன் கலைச்சொல்லாக ஏற்றுக்கொண்டுள்ளது. ஊதுலையில் இரும்பு உருகுங்கால், தாதுவிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி, உருகிய இரும்பின்மீது குழம்பாய் மிதக்கின்றன. அக்குழம்பே கசடு. பெயரைக் கொண்டு அதனை வெறுங்கழிவு என மாணவர் எண்ணிவிடலாகாது. இரும்பிலுள்ள கந்தகத்தைப் பிரித்தெடுப்பது கசடே. அப்பணி செவ்வனே நடைபெற அது தடையின்றி ஓட வேண்டும்.

ஓட்டத்திற்குப் பாய்மம் காட்டும் எதிர்ப்பைப் பாகுநிலை என்கிறோம். பேச்சு வழக்கில் கெட்டி, அடர்த்தி என்னும் சொற்களை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆள்வதால் வகுப்பறையில் மயக்கம் நேர்கிறது. அடர்த்தி வேறு, பாகுநிலை வேறு. இரும்பைவிட அடர்த்தி குறைந்ததால் கசடு மிதக்கிறது. ஆயினும் அதன் பாகுநிலை இரும்பினதைவிடப் பன்மடங்கு மிகுதி.

இதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு. சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் சூழ்ந்துள்ளன. ஒவ்வோர் ஆக்சிஜனும் இரு சிலிக்கன்களுக்குப் பொதுவாகிப் பாலமாய் நிற்கிறது. இவ்வாறு விரியும் வலை உருகிய பின்னும் எளிதில் குலைவதில்லை. ஆதலின் சிலிக்காவை வலையாக்கி எனலாம்.

சுண்ணாம்பைச் சேர்த்தால் அது தரும் ஆக்சிஜன் பாலங்களை முறிக்கிறது. வலை சங்கிலிகளாகவும் சிறு துண்டுகளாகவும் பிரிய, ஓட்டம் எளிதாகிறது. மக்னீசியமும் சோடியமும் தரும் ஆக்சைடுகளும் இவ்வாறே தொழிற்படும் வலையுடைப்பிகள். அலுமினாவோ பலபொருள் ஒருசொல் போன்றது. சுண்ணாம்பு மிக்க கசடில் வலையாக்கியாகவும், சிலிக்கா மிக்க கசடில் வலையுடைப்பியாகவும் அது நிற்கும். சூழலை நோக்கியே சொல்லின் பொருளைத் துணிவதுபோல, உடனிருக்கும் பொருள்களை நோக்கியே அலுமினாவின் பணியைத் துணிய வேண்டும்.

அவ்வாறாயின் சுண்ணாம்பை மேன்மேலும் சேர்க்கலாமே என மாணவர் வினவக்கூடும். அதற்கோர் எல்லை உண்டு. சுண்ணாம்பின் உருகுநிலை 2500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. ஊதுலைக் கசடின் வெப்பநிலையோ ஏறத்தாழ 1500 பாகையே. அளவு மிஞ்சினால் திண்மத் துகள்கள் பிரிந்து கசடு மீண்டும் தடிக்கும். ஆகவே ஊதுலைக் கசடில் சிலிக்காவின் எடைக்குச் சமமாகவோ அதனினும் சற்று மிகுதியாகவோ சுண்ணாம்பு அமையுமாறு பார்த்துக்கொள்கின்றனர்.

ஆசிரியர் ஒன்றைக் கருத்திற்கொள்ளல் நன்று. பாகு என்றவுடன் மாணவர் உள்ளத்தில் தோன்றுவது வெல்லப்பாகு. அப்பாகு நீர் வற்றுவதால் இறுகுகிறது. கசடு இறுகுவதோ பாலங்கள் பெருகுவதால் அல்லது துகள்கள் பிரிவதால். பழகிய சொல் புதிய பொருளுக்கு வாயிலாகும். வாயிலைக் கடந்து உள்ளே அழைத்துச் செல்வது ஆசிரியர் கடன். அக்கடன் நிறைவேறாவிடில் கலைச்சொல் மனப்பாடமாக மட்டுமே எஞ்சும்.