சுண்ணாம்பு மண்ணும் கீரைப் பாத்தியும்

அரியலூர்ப் பக்கம் மழை பெய்து ஓய்ந்ததும் நிலக்கடலைக் காட்டைப் பாருங்கள். சில இடங்களில் கொழுந்து இலைகள் வெளிறி மஞ்சளாகியிருக்கும். நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லையா என்றால், தாராளமாகவே இருக்கிறது. செடிக்குத்தான் எட்டவில்லை.

காரணம் பழைய கடல். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஏறி வந்த கடல், சில கோடி ஆண்டுகள் தங்கிவிட்டுப் போனது. அது விட்டுப்போன சுண்ணாம்பைத்தான் சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. அதே சுண்ணாம்பு மண்ணில் கலந்து காரத்தன்மையைக் கூட்டுகிறது. பிஹெச் அளவு ஒரு எண் ஏறினால் நீரில் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஈரம் தேங்கினால் பைகார்பனேட்டும் சேர்ந்துகொண்டு இரும்பைத் தடுக்கும்.

செடிகள் சும்மா இருப்பதில்லை. கடலை, கீரை, கத்தரி போன்றவை வேரிலிருந்து அமிலம் கசியவிட்டு, துரு வடிவில் கிடக்கும் இரும்பை வேர்த்தோலிலேயே கரையும் வடிவத்துக்கு மாற்றி உள்ளே இழுக்கின்றன. மக்காச்சோளம் போன்ற புல்லினங்களின் வழி வேறு: இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை மண்ணுக்குள் அனுப்பி, இரும்போடு சேர்த்துத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வட சீனத்தின் சுண்ணாம்பு நிலங்களில் மக்காச்சோளத்தை ஒட்டி விதைத்த கடலை மஞ்சளாகாமல் தேறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊடுபயிர் போட்ட நம் பாட்டன்மாருக்கு வேதியியல் தெரியாது, பலன் தெரிந்திருக்கும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் காடெல்லாம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனமாகிவிடுகிறது. கீரைக்குச் சந்தைதான். அதனால்தான் அங்கன்வாடி, பள்ளி வளாகங்களில் போடும் காய்கறித் தோட்டத்துக்கு இங்கே மதிப்பு அதிகம். பள்ளித் தோட்டங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் 2019இல் வந்தது. ஆனால் விதையைத் தூவி, கைகழுவும் தண்ணீரைத் திருப்பிவிட்டால் மட்டும் இந்த மண்ணுக்குப் போதாது. மட்கிய குப்பை எரு நிறைய வேண்டும். அதிலுள்ள கரிம அமிலங்கள் இரும்பைப் பிடித்து வேருக்குத் தரும். அப்படியும் மஞ்சளித்தால் அன்னபேதி எனும் இரும்பு உப்பு. மண்ணில் போட்டால் அதுவும் சுண்ணாம்போடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஒரு சதக் கரைசலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து இலைமேல் தெளிக்க வேண்டும்.

இதே உப்புதான் இரும்புச்சத்து மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கீரை தின்றால் அது ஓடிவிடும் என்பது மிகை. கீரையின் இரும்பு குடலிலும் எளிதில் ஏறாது. அங்கும் வேரில் நடந்ததுதான் நடக்கிறது: வயிற்று அமிலம் கரைக்கும், குடல்சுவர் வடிவத்தை மாற்றும், பிறகே ரத்தத்துக்கு. வைட்டமின் சி இந்த வேலையைச் சுலபமாக்கும். ஆனால் கீரை வாட வாட அது குறையும், கொதித்தால் இன்னும் போகும்.

எனவே தோட்ட மூலையில் ஒரு கொய்யாக் கன்றையும் நடச் சொல்வேன். ஆரஞ்சைப் போல மூன்று, நான்கு மடங்கு வைட்டமின் சி, சமைக்கவும் வேண்டாம். கீரைச் சோற்றோடு இரண்டு துண்டு போதும். பெரியவர்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். டீயின் துவர்ப்பு இரும்பைக் குடலுக்குள்ளேயே கட்டிவிடும்.