துப்பாக்கிக்குப் பெயரில்லை, கொம்புக்கு உண்டு
ஆயுத அலமாரி – 11

சென்ற வாரம் பிரிட்டிஷ் காலாட்படையின் ‘பிரௌன் பெஸ்’ துப்பாக்கியைப் பார்த்தோம். 46 அங்குலக் குழல், முக்கால் அங்குல வாய். குழலில் படைப்பிரிவின் அடையாளம் வெட்டியிருப்பார்கள். பித்தளைத் தகட்டில் எண் இருக்கும். அதைத் தூக்கிச் சுமந்தவன் யார் என்பது மட்டும் எங்கும் இருக்காது. துப்பாக்கி அரசருக்குச் சொந்தம். ஒருவன் விழுந்தால் அடுத்தவன் கைக்குப் போகும்.

அதன் பக்கத்தில் பழுப்பேறிய மாட்டுக்கொம்பு ஒன்று தொங்குகிறதே, இந்த வாரம் அதற்கு வருவோம். சிப்பாய் வெடிமருந்து வைத்திருந்த கொம்பு அது. சுடாது, வெட்டாது. ஆனாலும் அமெரிக்காவில் பழைய போர்க் கருவிகளைச் சேர்ப்பவர்களில் ஒரு சாரார், துப்பாக்கியை விட்டுவிட்டு இதற்குத்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். இன்னாருடைய கொம்பு, இன்ன கோட்டையில், இன்ன தேதியில் செய்தது என்று அதன்மேல் பொறித்திருக்கிறது. நூலகத்தில் எந்தத் தாளிலும் இல்லாத சாதாரணச் சிப்பாய் ஒருவன், இந்தக் கொம்பில் மட்டும் இருக்கிறான்.

வெடிமருந்து வைக்க ஏன் கொம்பு? அதைவிடப் பொருத்தமான கலத்தை அந்தக் காலத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கொம்பு ஈரம் விடாது, கனமில்லை, உரசினால் பொறி பறக்காது. இறைச்சிக்காக மாடு அடிக்கும் ஊரில் விலையும் இல்லை. உள்ளிருக்கும் எலும்பை நீக்கி, அடிப்பக்கத்தை வெந்நீரில் இளக்கி வட்டமாக்கி, பைன் மரக்கட்டை ஒன்றை இறுக்கி ஆணியடிப்பார்கள். நுனியை அறுத்துத் துளையிட்டு ஒரு மரத்தக்கை. பிறகு கத்தியால் மேற்பரப்பைச் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்கினால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது உள்ளே மருந்து எந்த அளவுக்கு நிற்கிறது என்று தெரியும். மருந்தை நேரே குழலுக்குள் கவிழ்க்கக் கூடாது. முந்தைய வேட்டின் கங்கு குழலுக்குள் கிடந்தால் கொம்பு கையிலேயே வெடிக்கும். அதற்காகத்தான் தனியாக ஓர் அளவுக் குப்பி.

பிரிட்டிஷ் அரசின் நிலைப்படைக்குக் காகிதத் தோட்டா இருந்தது. கொம்பைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றங்களான மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூயார்க் பக்கத்துக் குடிப்படையினர். உழவர்கள், தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள். ஒரு பருவத்துக்குப் படையில் சேர்ந்து, முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். போர் என்றால் பெரும்பகுதி காத்திருப்புதான். கோட்டைக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்போது ஒரு பேனாக்கத்தியும் ஊசிமுனையும் கையில் இருந்தால் போதும். கீறிய கோட்டில் மை தேய்த்தால் எழுத்து எழும்பிவிடும்.

1754 முதல் 1763 வரை பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. அக்காலக் கொம்புகளில் மிகவும் விரும்பப்படுபவை வரைபடக் கொம்புகள். நியூயார்க் துறைமுகத்தில் தொடங்கி ஹட்சன் ஆறு கொம்பின் வளைவோடு ஏறும். ஆல்பனி வரும், எட்வர்ட் கோட்டை வரும், ஜார்ஜ் ஏரி, டிகொண்டரோகா, கிரௌன் பாயிண்ட். இன்னொரு கிளை மோஹாக் ஆற்றோடு மேற்கே ஆஸ்வீகோவுக்குப் போகும். படை நடந்த வழி அதுதான். சின்னச் சின்ன வீடுகள், பாய்மரப் படகுகள், மேலே பிரிட்டிஷ் அரச முத்திரை. கெரொலைனா மலைகளில் செரோக்கீ மக்கள் மேல் படையெடுத்த பாதை, 1762இல் பிடித்த ஹவானா துறைமுகம் ஆகியவையும் கொம்பில் ஏறியிருக்கின்றன. யாருடைய நிலத்தில் நடந்தோம் என்ற உறுத்தல் எதுவும் அவற்றில் தெரியாது. சேகரிப்பாளர்களும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எல்லாவற்றையும் சிப்பாயே செதுக்கினான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கையெழுத்து, ஒரே இலைக்கொடி வேறு வேறு பெயர்களைத் தாங்கிய கொம்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. முகாமிலேயே காசு வாங்கிக்கொண்டு செதுக்கித் தந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஜான் புஷ். மாசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்தவர். அடிமையாக இல்லாத கறுப்பினத்தவர். 1755இல் ஜார்ஜ் ஏரிக்கரையில் அவர் செதுக்கிய எழுத்தின் அழகைப் பின்னால் வந்த பலர் பார்த்துச் செய்தார்கள். 1757 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி கோட்டை பிரெஞ்சுத் தளபதி மோங்காமிடம் விழுந்தபோது புஷ் பிடிபட்டார். சிறைப்பிடியிலேயே இறந்தும் போனார். மற்றவர் பெயரைப் பொறித்துப் பொறித்தே வாழ்ந்தவரின் கதையில் நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

அடுத்த அலை 1775, அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கம். பிரிட்டிஷ் படை இருந்த பாஸ்டனைச் சுற்றிக் குடியேற்றவாசிகள் முற்றுகையிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராக்ஸ்பரி முகாமில் கொம்புகள் மளமளவென்று செதுக்கப்பட்டன. விடுதலை, உரிமை என்ற சொற்கள் அரச முத்திரையின் இடத்தைப் பிடித்தன. வேடிக்கை என்னவென்றால், கொம்புக்குள் போட மருந்துதான் இல்லை. ஆகஸ்டு தொடக்கத்தில் கணக்கெடுத்தபோது 300க்கும் மேல் இருப்பதாக நினைத்திருந்த பீப்பாய்கள் 36 என்று தெரியவந்தது. ஆளுக்கு ஒன்பது வேட்டு. அவர்களின் தளபதி வாஷிங்டன் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை என்று ஜெனரல் சல்லிவன் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. உலகின் நல்ல வெடியுப்பு அப்போது நம் பீகாரிலிருந்து, பாட்னா வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பிளாசிப் போருக்குப் பிறகு, 1758 முதல் அந்த வியாபாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை. லண்டனோடு சண்டை போட்டுக்கொண்டு அந்த உப்புக்கு எங்கே போவது?

போர் முடிந்ததும் கொம்புகள் பரணுக்கும் அடுப்படிச் சுவருக்கும் போயின. அவற்றை வரலாறு என்று மதித்து வீடு வீடாகப் போனவர் ரூஃபஸ் கிரைடர், நியூயார்க் மாநிலத்தின் கானஜோஹேரி என்ற சிற்றூரில் ஓவிய ஆசிரியர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வயதான காலத்தில், நூற்றுக்கணக்கான கொம்புகளைப் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்தார். வளைந்த பரப்பைத் தாளில் விரித்துப் போட்டது அவர் கெட்டிக்காரத்தனம். பிறகு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஸ்டீபன் கிரான்சே, கில்பர்ட் என்பவரின் தொகுப்பை வைத்து 1945இல் ஒரு நூல் எழுதினார். கொம்பு சேர்ப்பது அதற்குப் பிறகு தனித் துறையாகவே ஆகிவிட்டது.

துறையானால் போலியும் வரும். துப்பாக்கியைப் போலியாகச் செய்ய இரும்பும் பட்டறையும் வேண்டும். இங்கே எழுதாத பழைய கொம்பு ஒன்று சல்லிசாகக் கிடைத்தால் போதும், மிச்சம் ஒரு மாலை வேலை. கொம்பு நிஜமாகவே 250 வருடப் பழசு, கட்டையும் பழசு, எழுத்து மட்டும் நேற்று. இதனால் கொம்பின் வயதைப் பார்த்து ஏமாறுகிறவர்களே அதிகம். பார்க்க வேண்டியது கோட்டின் வயதை.

பூதக்கண்ணாடி எடுங்கள். கொம்பையும் தோலையும் தின்னும் வண்டுப் புழு பழைய கொம்பில் துளை போட்டிருக்கும். கோட்டைத் துளை அறுத்துக்கொண்டு போனால் கோடு முந்தியது. கோடு துளைக்குள் இறங்கி ஏறினால் அது பிந்தியது. வந்த வழியே திரும்பிவிடலாம். இடுப்பில் உரசிய பக்கத்தின் எழுத்து மற்றப் பக்கத்தைவிட மங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் ஒரே பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எழுத்துப் பிழைகளை நம்பி மயங்குவது புதியவர்கள் வழக்கம். பிழையையும் போலிக்காரன் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் அடிக்கடி சறுக்குவது வரலாற்றுப் பாடத்தில். வில்லியம் ஹென்றி கோட்டை கட்டப்பட்டது 1755இல், அழிக்கப்பட்டது 1757இல். அங்கே செய்ததாக 1758ஆம் ஆண்டுக் கொம்பு வந்தால் என்ன அர்த்தம்? கிரௌன் பாயிண்ட் 1759 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதற்கு முன்பே கனெக்டிகட் சிப்பாய் ஒருவன் அங்கே உட்கார்ந்து நிம்மதியாகச் செதுக்கினான் என்றால், அவன் போர்க்கைதியாக இருந்திருக்க வேண்டும்.

கிரைடரின் ஓவியங்கள் இன்று நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. ஏலத்துக்கு வரும் ஒரு கொம்பு அவர் வரைந்ததோடு கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனால், வாங்க வந்தவர் முதலில் துள்ளிக் குதிப்பார். இரண்டாவது நிமிடம் உட்கார்ந்துவிடுவார். கிரைடர் பார்த்த கொம்பே இதுவாக இருக்கலாம். அவர் ஓவியத்தைப் பார்த்து எவனோ செதுக்கியதாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் மறுபடியும் புழுத் துளையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

(தொடரும்)