நரிக்கு எந்தத் துப்பாக்கி?



கோழிக் கூண்டருகே இறகு சிதறிக் கிடந்தால், "நரி பிடித்துவிட்டது" என்று சொல்லும் பழக்கம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. நம் பாட்டன்மார் தமிழ்நாட்டில் கண்ட நரியைப் பேச்சிலே ஏற்றிக் கப்பலில் கொண்டுவந்துவிட்டார்கள். கமுந்திங் வட்டாரத்தில் நரி கிடையாது. இங்கே கூண்டுக்குள் நுழைவது பெரும்பாலும் மூசாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரநாய்தான்.

அதைச் சுட எந்தத் துப்பாக்கி ஏற்றது, எந்த நம்பர்த் தோட்டா போடலாம் என்று காப்பிக் கடைகளில் பேச்சு நடக்கும். இளைஞர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். துப்பாக்கியைப் பற்றிப் பேச வாத்தியாருக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இதில் பாதி கணக்குப் பாடம்.

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆட்டுக்குட்டிகளைத் தின்னும் நரியைப் பண்ணையாளர்கள் ரைபிளால் சுடுகிறார்கள். ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரையைப் போல வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றில் உரசி வெளியேறும் குண்டு பம்பரமாகச் சுழன்றுகொண்டே நேராகப் பறக்கும். குழல் வாயின் அகலத்தைத்தான் கேலிபர் என்கிறார்கள். "பாயிண்ட் இருபத்திரண்டு" என்றால் ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்து அதில் 22 பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர்.

ஆனால் அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. "பாயிண்ட் 223" என்னும் ரைபிளின் குண்டும் ஏறக்குறைய அதே பருமன்தான். சாதாரண இருபத்திரண்டின் குண்டு சுமார் 2.6 கிராம் எடையுடன் நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. மற்றதன் குண்டு 3.6 கிராம்தான். ஆனால் அதன் தோட்டாவில் மருந்து அதிகம், ஆகவே வேகம் நொடிக்கு 980 மீட்டர்வரை போகும். வேகம் மூன்று மடங்கானால் தாக்கும் ஆற்றல் மூன்று மடங்கன்று. மூன்று தரம் மூன்று, ஒன்பது மடங்கு. எடையும் கூடியிருப்பதால் பன்னிரண்டு மடங்கை எட்டுகிறது. தொலைவில் நிற்கும் நரியை ஒரே குண்டில் வீழ்த்த அந்த நாட்டார் இதைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான். அங்கேயும் குண்டு போய்ப் புதையும்படி நரிக்குப் பின்னால் மேடோ மண்கரையோ இருந்தால்தான் சுடலாம் என்பது முதல் விதி.

இனி நம் இடத்தைப் பாருங்கள். தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் சின்ன இருபத்திரண்டுக் குண்டுகூட ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும். லயத்துப் பின்வாசலிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன? அடுத்த டிவிசன், கோவில், பள்ளிக்கூடம், சில இடங்களில் ரயில் பாதையும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் கூட. மரநாயோ தரையில் நிற்பதில்லை. கூரை மேலும் மரக்கிளையிலும் ஓடுவது. அண்ணாந்து சுட்ட குண்டுக்குப் பின்னால் வானம்தான் இருக்கிறது. தப்பிய குண்டு எங்கே இறங்கும் என்று சுட்டவனுக்கே தெரியாது.

நம் நாட்டில் பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்றவர்களிடம் பெரும்பாலும் இருப்பது செனாப்பாங் பாத்தா, நடுவில் மடித்துத் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கி. இதன் குழல் வழவழப்பானது. இதைப் "பன்னிரண்டாம் நம்பர்" என்பார்கள். ஒரு ராத்தல் ஈயத்தை ஒரே அளவான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை நுழையும் வாய் என்று பொருள். பழைய ராத்தல் கணக்கு இன்னும் பிழைத்திருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்தத் தோட்டாவுக்குள் ஒரு குண்டு அல்ல, பல சிறு குண்டுகள். பறவைக்குரிய பொடிக் குண்டுகள் முந்நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். காட்டுப்பன்றிக்கு அவை போதா. தோலைக் கிழித்துக் காயப்படுத்துமே தவிரக் கொல்லா. காயம்பட்ட பன்றி ஆள்மேல் பாயும். அதற்காக எஸ்.ஜி. என்னும் தோட்டாவைப் போடுகிறார்கள். அதில் அவுன்ஸுக்கு எட்டே குண்டுகள். நாற்பது கஜத்துக்குள் சுட்டால்தான் பலன், ஆனால் தப்பிய குண்டு ஐந்நூறு மீட்டருக்கு அப்பாலும் ஆளைக் காயப்படுத்தும். பலகைச் சுவரும் துத்தநாகத் தகடும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

விடியுமுன் தலைவிளக்குடன் பால்மரம் வெட்டப் போகும் நம் தாய்மார்களை எண்ணும்போதுதான் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. இருட்டில் புதர் அசைந்தால் பன்றியா மனிதரா என்பதை எந்தக் கேலிபரும் சொல்லாது. காவலுக்கு ஆள் வருகிற நாளில் எந்த நிரையில் வேலை, எந்தப் பக்கம் சுடுவார்கள் என்பதை மண்டோரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சட்டமும் கடுமையானது. அவசரகாலத்தில் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இன்று உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. பையன்கள் விளையாட்டென்று நினைக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மரநாயையும் காட்டுப்பன்றியையும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. தொல்லை மிஞ்சினால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சிப் பன்றிக்கு வைப்பதோ, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை. அதில் மாட்டி மனிதர்கள் மாண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் கோழிக்கு என்ன வழி? முதலில் திருடனை அடையாளம் காணுங்கள். பட்டப்பகலில் முட்டை போனால் உடும்பாக இருக்கலாம். இறகுகூட இல்லாமல் கோழி மறைந்தால் மலைப்பாம்பைச் சந்தேகியுங்கள். இரவில் இறகு சிதறி, கழுத்துக் கடிபட்டுக் கிடந்தால் மரநாய். அது எலியையும் தின்னும் பிராணி. செம்பனைக் காட்டுக்கு அதனால் நன்மையும் உண்டு.

கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் நாலு பக்கமும் அடையுங்கள். கண் பெரிதானால் மரநாய் கையை விட்டு இழுக்கும். ஏறத் தெரிந்த பிராணி என்பதால் மேற்புறத்தையும் மூட வேண்டும். பழுத்த பப்பாளியும் வாழைத்தாரும் கூண்டருகே தொங்கினால் அதுவே அழைப்பாகிவிடும், வெட்டி எடுத்துவிடுங்கள். கதவுக்கு ஒரு கொக்கி போதாது, மேலே ஒன்று, கீழே ஒன்று போடுங்கள். அந்தி சாய்ந்ததும் கோழிகளை எண்ணி அடைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் எண்ணிக்கையும் பழகிவிடும்.